அரிசி கழுவின தண்ணீர்

கடுகில் பாதிகூட இருக்காது. அதற்குப் பயந்து ஒருத்தி மத்தியானம் முழுக்கச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்ப மாட்டார்கள், கோகிலவாணிக்கும் அதுதான் பயம், பூச்சியைக் கண்டு இல்லை, நம்பாமலே நம்பின மாதிரி தலையாட்டுவார்களே, அதைக் கண்டு. இதோ ஒன்று. தட்டு விளிம்பில் இறங்கி, ரசம் ஒட்டின பருக்கை ஒன்றின்மேல் கொஞ்சம் நடந்து பார்த்து, எழுந்து, அவள் மூக்குக்கு நேராகக் காற்றில் ஒரு கோணல் கோடு கிழித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போயிற்று. கொசு என்றால் கொசு இல்லை, கடிக்காது, பாடாது. ஈ என்றால் ஈயும் இல்லை. யாரோ ஊசி முனையால் கண்மையைத் தொட்டுக் காற்றில் வைத்த மாதிரி ஒரு கறுப்பு. கை தானாக எழும்பிற்று. தட்டாதே என்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லைதான், தட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள், ஆனால் கை பழகிவிடும், பழகின கை ஆள் இருக்கும்போதும் எழும்பும், எழும்பினால் நவநீதன் பார்ப்பான், பார்த்துவிட்டு ஒன்றும் கேட்க மாட்டான், கேட்காமலேயே முகத்தில் ஒரு திரையை இறக்கிக்கொள்வான். காலையில் பஸ் ஏறி அந்தியூர் போயிருக்கிறான் புருஷன். பொழுதோடு வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான். வரும்போது அவனோடு அவன் அம்மா பழனியம்மாள் வருவாள், பழனியம்மாள் இடுப்பில் ஆதிரை வருவாள். ஆதிரை. பேரை மனசுக்குள் சொன்னாலே இன்னும் மார் கனக்கிறது, பால் வற்றி வருஷம் ஒன்று ஓடின பிறகும். ரெண்டு நாள் இருந்து பார்க்கட்டும் என்று நவநீதன் சொல்லியிருந்தான். பார்க்கட்டும் என்றால் யார் யாரைப் பார்க்கட்டும் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பார்த்த பிறகு ஒன்று மகள் இங்கே இருப்பாள், இல்லையென்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போவாள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இப்படிப்பட்ட நாளில், சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்த வீட்டில், எங்கிருந்தடா வந்தீர்கள் நீங்கள்.

போன தடவையும் பூச்சிதான். அதுதானே சங்கடம். பாம்பைக் கண்டேன் பேயைக் கண்டேன் என்று ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பூச்சியைப் பற்றித் தாராளமாக வாய் திறந்து பேசலாம். ஆதிரை தத்தித் தத்தி நடக்கப் பழகின சமயம் அது. முதலில் அரிப்பு, அப்புறம் ஊருகிற மாதிரி, அப்புறம் ஊருகிறதேதான். தோலுக்கு அடியில், நகக்கண்ணில், பால் குடிக்கிற பிள்ளையின் உச்சந்தலை மயிரில். எல்லோரும் இல்லை என்றார்கள், அவளுக்கு இருந்தது. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே போய்விடாமல் கதவுக்கு அடியில் துண்டைச் செருகிவிட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தாள், தன்னைத் தேய்த்தது போக ஒருநாள் பிள்ளையையும் தேய்க்கப் போனாள். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் வழுக்கி வேறு பக்கம் ஓடிவிடும். இப்போதும் ஓடிற்று, தீப்பெட்டிக்கு ஓடிற்று. உடம்பிலிருந்து பிடித்த பூச்சிகளை ஒரு தீப்பெட்டியில் சேர்த்துவைத்து டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனாள், சாட்சி வேண்டுமே. அந்தம்மா நல்ல மாதிரி. சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டி, தீப்பெட்டியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, பேனா முனையால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்து, "இது துணிப் பிசிரும்மா, இது காஞ்ச தோலு, இது உங்க வீட்டு ரவையோ என்னவோ" என்று சொன்னாள். ரவை. அவளுக்கு அன்றைக்கு அது காலோடும் தலையோடும் இருந்தது. அன்றைக்கு இருந்தது என்றால், இன்றைக்கு இருக்கிறது என்பதற்கு என்ன மரியாதை? அதோடு இன்னொன்று. ராத்திரி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தது போன மாதம். இந்தக் கறுப்புகள் கண்ணில் பட ஆரம்பித்ததும் போன மாதம். இது அதற்குப் பின்னால் வந்ததா, இல்லை அதனால் வந்ததா? காலையில் நவநீதன் படி இறங்கினதும் முதல் வேலையாக மாத்திரை அட்டையை எடுத்து, மிச்சமிருந்த பாதியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதையும் விழுங்கினால் பூச்சி போய்விடுமா? போய்விட்டால் பூச்சி பொய், தான் இன்னும் தேறவில்லை. போகாவிட்டால் பூச்சி நிஜம். ஆனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை தின்றதும் நிஜம், எண்ணிப் பார்க்கிற பழக்கம் நவநீதனுக்கு உண்டு. மறுபடி அட்டைக்குள் வைத்து மூடினாள். மூடின விரல்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது, பார்த்தாயா என்கிற மாதிரி.

வீட்டில் இருக்கிற செடிகள் நவநீதன் வாங்கி வந்தவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், வளருகிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு செடியைக் கொடுக்கிறார்கள் என்று முதலில் ஆத்திரமாக வந்தது. மணி பிளாண்ட், கற்பூரவல்லி, கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கிற ஒன்று, வெள்ளைப் பூ ஒன்றே ஒன்றை நீட்டிவிட்டு அப்புறம் சும்மா இருக்கிற ஒன்று, பேர் தெரியாத சீப்பிலைச் செடி. பால்கனியில் வெயில் தீய்க்கிறது என்று எல்லாம் ஹாலுக்குள் வந்துவிட்டன. எங்கே பட்டுப்போய்விடுமோ, பட்டுப்போனால் இதையும் வளர்க்கத் தெரியவில்லை என்று ஆகிவிடுமோ என்று, தினமும் தண்ணீர். வெறும் தண்ணீர் இல்லை. கல்யாணமாகி அந்தியூர் வீட்டுக்குப் போன மறுநாளே பழனியம்மாள் சொன்ன முதல் சட்டம், அரிசி கழுவின தண்ணியைச் சாக்கடையில ஊத்துனா லச்சுமி எந்திரிச்சுப் போயிருவா. ஊற்றவில்லை. இன்றுவரை ஒரு சொட்டு ஊற்றவில்லை. காலையில் சோற்றுக்குக் கழுவினதும், சாயங்காலம் மாவுக்கு ஊறப்போட்டதும், டீ வடிகட்டின சக்கையும், தயிர்ப் பாத்திரம் அலம்பினதும் எல்லாம் தொட்டிக்குத்தான் போயிற்று. செடிகளும் நன்றாகத்தான் இருந்தன, பளபளவென்று, மண்மேல் மட்டும் ஒரு பச்சைப் பாசி, கிட்டப் போனால் பழைய மாவு வாசம். இந்த மத்தியானமும் அரிசி கழுவின தண்ணீர் போசியில் இருக்கிறது, அடுப்பு மேடையில், ஆடை கட்டி. எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. சாக்கடையில் ஊற்றக் கை வரவில்லை. தொட்டியில் ஊற்றவும் இப்போது கை வரவில்லை. ஏனென்றால் போனில் ஒரு வீடியோவில் ஒரு பெண் சொல்லிவிட்டாள், ஈர மண்ணில், அழுகினது இருக்கிற மண்ணில் இவை முட்டையிடும் என்று, மண்ணைக் காயப்போடு, கை வைக்காமல் இரு என்று. கை வைக்காமல் இருப்பது ஒரு வைத்தியமா? சும்மா இரு என்றால் இருந்துவிட முடிகிறதா, அதுவும் இன்றைக்கு, அதுவும் அவளால்.

அதே வீடியோவில்தான் உருளைக்கிழங்கும் வந்தது. கிழங்கை வட்டமாக நறுக்கி மண்மேல் கவிழ்த்து வை, புழு இருந்தால் மேலே வந்து அதில் ஒட்டிக்கொள்ளும், எடுத்துப் பார். நேற்றே வைத்துவிட்டாள். எடுத்துப் பார்க்கத்தான் முடியவில்லை. ரெண்டு தடவை கிட்டப் போய்விட்டுத் திரும்பினாள். புழு இருந்தால் சந்தோஷமா, இல்லாவிட்டால் சந்தோஷமா என்று தனக்கே தெரியாத ஒன்றை எப்படித் திறந்து பார்ப்பது? தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்து, மறுபடி துடைத்து, மணி பிளாண்ட் தொட்டிக்கு முன்னால் குந்தினாள். கிழங்கின் ஓரம் கறுத்துச் சுருங்கியிருந்தது. முருகா என்று புரட்டினாள். வெள்ளை நூல். நூல் துண்டு துண்டாக, கண்ணாடி மாதிரி, ஒவ்வொன்றுக்கும் நுனியில் மிளகுப் பொடி அளவு கறுத்த தலை. ஒரு நூல் மெல்ல நெளிந்தது. இருக்கிறது. இருக்கிறதடி வாணி, இருக்கிறது. ஒரு நிமிஷம் நெஞ்சு அப்படி லேசாயிற்று, உடனே அடியிலிருந்து ஒரு குரல், அன்றைக்கும் இருக்கிறது என்றுதானே பார்த்தாய். சரி, கண்ணுக்குத்தான் கிறுக்கு, போனுக்கு என்ன கிறுக்கு? படம் எடுத்தாள். பெரிதாக்கினாள். வெள்ளைக் கிழங்கில் வெள்ளைக் கீறல்கள், நார் என்றால் நார், கீறல் என்றால் கீறல். இதைக் காட்டினால் நவநீதன் கண்ணை இடுக்கிப் பார்ப்பான், பார்த்துவிட்டு, ஆமா, என்பான். பூச்சிகளுக்கும் ஒரு பொறி வைத்திருந்தாள். மஞ்சள் நிறத்துக்கு அவை மயங்குமாம். மஞ்சளுக்கு எங்கே போவது, நவநீதனின் பெரியப்பா மகன் கல்யாணப் பத்திரிகை கிடந்தது, நல்ல மங்கல மஞ்சள், அதில் விளக்கெண்ணெயைத் தடவித் தொட்டியில் குத்தி வைத்தாள். இப்போது பார்த்தால் கறுப்பு கறுப்பாக ஒட்டிக் கிடக்கின்றன, தங்கள் நல்வரவை நாடும் பெரியவர்கள் பேர்மேலெல்லாம், மணமகன் இனிஷியல்மேல் ரெண்டு. சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. பத்திரிகையை எடுத்து வைத்திருந்து காட்டலாமா? பூச்சி பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன், பாருங்கள். எந்த வாயால் சொல்வது? தீப்பெட்டி போய்ப் பத்திரிகை வந்திருக்கிறது, அவ்வளவுதானே வித்தியாசம். சாட்சி சேர்க்கச் சேர்க்க சாட்சியே குற்றமாகிற வழக்கு அவளுடையது. பத்திரிகையைக் கசக்கிக் குப்பைக்கூடையில் அடியில் தள்ளி, மேலே வெங்காயத் தோலைப் போட்டு மூடினாள்.

அப்பா லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிற நாட்களில் ஒரு கதை சொல்வார். ஒரு ராசா. கொலு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறபோது அவன் மூக்குக்கு முன்னால் ஒரு கொசு பறக்குதாம். கொசு கொசு என்கிறான் ராசா. மந்திரிக்குத் தெரியவில்லை, சேனாபதிக்குத் தெரியவில்லை, ஆனால் ராசா சொல்லும்போது இல்லை என்று எவன் சொல்வான்? ஆமாம் மகாராசா, என்ன பெரிய கொசு என்று ஒருத்தன் காற்றில் தட்டினான். இன்னொருத்தன் எட்டிக் குதித்துத் தட்டினான். மண்டபம் முழுக்கச் சடார் சடார் என்று தட்டுகிறார்கள். செத்துருச்சு மகாராசா என்று வெறுங்கையை விரித்துக் காட்டுகிறார்கள். கொசுவோ அவர்கள் கைக்கு நடுவிலேயே பறந்துகொண்டிருக்கிறது, ராசா பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பா இந்த இடத்தில் தட்டித் தட்டிக் காட்டுவார், சின்னப்பிள்ளையில் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் ராசாவின் முகம்தான் தெரிகிறது. தட்டுகிற ஒவ்வொருத்தனையும் பார்த்து, இவனும் நம்பவில்லை, இவனும் நம்பவில்லை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகம். அப்புறம் என்ன ஆயிற்று ராசாவுக்கு? யாரோ ஒருத்தி வருவாள் கதையில், வந்து என்னவோ சொல்வாள், அதோடு கதை முடியும். என்ன சொன்னாள்? அந்த இடத்தில் அப்பா தூங்கிவிடுவாரோ, இவள் தூங்கிவிடுவாளோ. இந்த வீட்டிலும் ஒரு வருஷமாக எல்லோரும் காற்றில் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிவியில் யாராவது கிறுக்கன் என்றால் நவநீதன் சேனலை மாற்றுகிறான். உப்பு கூடினால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறான். அவனாவது பரவாயில்லை, பழனியம்மாள்! கல்யாணமான புதிதில் அந்த வாய்க்கு வீதியே ஒதுங்கி நடக்கும். இவள் வைத்த முதல் ரசத்தை வாயில் விட்டுவிட்டு, "அம்மிணி, கை கழுவற தண்ணிய ஏஞ் சாமி சூடு பண்ணுன" என்று கேட்ட ஆள். இவள் போட்ட கோலத்தைப் பார்த்துக் கோழி கிளறிவிட்டதா என்று கேட்ட ஆள். அன்றைக்கெல்லாம் தலையணையை நனைத்திருக்கிறாள். இப்போது போனில், சாப்புட்டியா கண்ணு, மாத்தரை போட்டியா கண்ணு, தூங்குனியா கண்ணு. பஞ்சில் சுற்றின அந்தக் கண்ணு காதுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன்ற மூஞ்சிக்கு இது ஒரு சாம்பாரா என்று கேட்டுவிட மாட்டாளா. கண்ணாடி டம்ளரை யாரும் திட்டுவதில்லை. இது உடையாது என்று தெரிந்த பாத்திரத்தைத்தான் ணங்கென்று வைப்பார்கள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிற்று. போன் அடித்தது, நவநீதன், பின்னால் பஸ் இரைச்சல், அதற்கும் பின்னால் ஒரு சின்னக் குரல் எதற்கோ அடம் பிடிக்கிறது. "கோவில்பாளையம் தாண்டிட்டோம். நீ டென்ஷன் ஆகாத, என்ன?" ஆகவில்லைங்க என்றாள். வைத்ததும் ஆனாள். என்ன செய்வது இந்தத் தொட்டிகளை? கீழே கொண்டுபோய் வைக்கலாம், வாட்ச்மேன் ஏன் என்று கேட்பார், கேட்டதை நவநீதனிடம் சொல்வார். பால்கனியில் வைத்தால் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரியும், ஆதிரை செடி செடி என்று ஓடுவாள். ஒவ்வொன்றாகத் தூக்கினாள், இடுப்பில் அணைத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி, ஈரமண் கனம் கனத்தது. ஹாலை ஒட்டின பாத்ரூமில் வரிசையாக வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்தில் ஈரத் துண்டை அடைத்தாள். அடைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். இதே கதவு. இதே துண்டு இல்லை, வேறு துண்டு. ஆனால் இதே கை இதே மாதிரி குனிந்து. எடுத்துவிடலாமா? எடுத்தால் வெளியே வரும். வராமல் இருக்க வேண்டுமானால் துண்டு இருக்க வேண்டும், துண்டு இருந்தால். ஹாலில் மிச்சம் சுற்றிக்கொண்டிருந்த ரெண்டு மூன்றை மின்விசிறியை வேகமாக வைத்துத் துரத்தினாள். படுக்கையறை பீரோவைத் திறந்து பார்த்தாள், எத்தனையாவது தடவையோ. நடுத்தட்டு காலியாக இருக்கிறது, பேப்பர் விரித்து. பொங்கலுக்கு ஒரு மத்தியானம் மகளைக் கொண்டுவந்தபோதும் இதே தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். பிள்ளையின் துணிப்பை, பச்சைக் கலர், ஜிப் வைத்தது, ஹாலில் சோபா ஓரமாகவே இருந்தது, ஜிப்பை யாரும் திறக்கவில்லை, பொழுது சாய்ந்ததும் போன மாதிரியே போயிற்று. அந்தப் பையின் ஜிப் இழுபடுகிற சத்தத்தை அவள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்காத சத்தத்தை. இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமோ என்னவோ.

காலிங் பெல் அடித்தபோது அவள் கதவுக்குப் பின்னாலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். உடனே திறந்தால் காத்துக்கொண்டு நின்றது தெரிந்துவிடும் என்று ஒரு மூச்சு விட்டுத் திறந்தாள்.

"லிப்ட்டுன்னு ஒண்ண எதுக்குடா வெச்சிருக்கறானுங்க, பொட்டு வெச்சுக் கும்படறதுக்கா? மூணு மாடி ஏறறதுக்குள்ள என்ற சீவனே போச்சு" என்று மகனைப் பார்த்து இரைந்துகொண்டே வந்த பழனியம்மாள், வாசலில் இவளைக் கண்டதும் குரலை அப்படியே பஞ்சுக்குள் போட்டாள். "நல்லாருக்கறியா கண்ணு? மாத்தரை போட்டியா கண்ணு?"

"போட்டேனுங் அத்தை. வாங்க."

பழனியம்மாளின் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் முழு முகமும் வந்து, போனில் தினமும் நவநீதன் வாயில் கேட்ட மாதிரியே, "வாணி" என்றது.

"அம்மா சொல்லு சாமி" என்றான் நவநீதன். பச்சைப் பையைச் சோபா ஓரமாக வைத்தான். அதே இடத்தில்.

"இருக்கட்டுங்க. வாணின்னே கூப்பிடட்டும்" என்றாள். கோடி தரம் கூப்பிடட்டும். தொடலாமா, தூக்கலாமா, கையை நீட்டினால் பயந்து உள்ளே போய்விடுமா என்று அவள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆதிரை தொடையை இடுக்கிக்கொண்டு குதித்தாள். "அப்பத்தா, ஒண்ணுக்கு!"

"வா வா, பஸ்ஸுலயே அடக்கிட்டு வந்துச்சு பாவம்" என்று பழனியம்மாள் ஹால் பாத்ரூம் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அதுல வேண்டாமுங்க. ரூமுக்குள்ள இருக்கறதுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஏங் கண்ணு?"

"தண்ணி வரலைங்க."

"காலைல நான் அதுலதான குளிச்சேன்" என்றான் நவநீதன். சொல்லிக்கொண்டே பார்வை கீழே இறங்கிற்று. கதவு. கதவுக்கு அடியில் ஈரத் துண்டு. திரை இறங்கும் என்று எதிர்பார்த்தாள், இறங்கவில்லை, அதைவிட மோசம், அவன் முகம் நிர்வாணமாகப் பயந்தது. தாழ்ப்பாளை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பாவம் இந்த மனுஷன், என்று நினைத்தாள், இந்தக் கதவை ஒருநாள் உடைத்துத் திறந்தவன் இவன்தான், உள்ளே என்ன பார்த்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். துணி ஊறப்போட்டிருக்கிறேன் என்று சொல்லலாம். இன்னும் நூறு சொல்லலாம். ஒவ்வொரு பொய்யும் நாக்கில் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று, கோணல் கோடு போட்டுக்கொண்டு.

"உள்ள பூச்சி இருக்குதுங்க" என்றாள்.

பழனியம்மாள் பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சாண். அந்த ஒரு சாணில் ஒரு வருஷம் இருந்தது.

"சரி. பரவால்ல வாணி. நீ உட்காரு. தண்ணி குடிக்கறியா?" என்றான் நவநீதன்.

அவள் உட்காரவில்லை. துண்டைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. தொட்டிகள் கும்மென்று உட்கார்ந்திருக்கின்றன, நல்ல பிள்ளைகள் மாதிரி. ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஒன்றே ஒன்றுகூட. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நவநீதன், எத்தனையோ அன்பாக, "ஆமா வாணி. இருக்குது. நான் பாத்துட்டேன். மூடிரு, நாளைக்கு மருந்து அடிச்சுக்கலாம்" என்றான்.

சடார். சடார். செத்துருச்சு மகாராசா.

"நீங்க ஒண்ணும் பாக்கலைங்க. பொய் சொல்லாதீங்க" என்றாள். இவ்வளவு உரக்க இந்த வீட்டில் அவள் பேசி நாளாயிற்று. விளக்கைப் போட்டாள். மணி பிளாண்டைக் கொத்தாகப் பிடித்து, தலைமயிரைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டினாள். மண்ணிலிருந்து புகை எழும்பின மாதிரி எழுந்தன. விளக்கைச் சுற்றி, கண்ணாடிமேல், நவநீதன் சட்டைமேல், கதவைத் தாண்டி ஹாலுக்குள், எல்லாவற்றுக்கும் மேலாக, என்னடா இது என்று கேட்க வாயைத் திறந்த பழனியம்மாளின் வாய்க்குள்.

"தூ! தூ! அட கருமமே! தொண்டைக்கே போயிருச்சுடா! டேய், நீ இந்த ஊட்டுலதான குடியிருக்கற? இத்தனை கொசு பறக்குது, உன்ற கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? உனக்கெல்லாம் எருமை பறந்தாத்தான் தெரியும்!" நவநீதன் தன் சட்டையில் உட்கார்ந்திருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான், விரலால் தொட்டான், தொட்டதும் அது பறந்தது, பறந்ததை அவன் கண் பின்தொடர்ந்து போயிற்று. அந்தக் கண்ணை அவள் பார்த்தாள். பழனியம்மாள் அதற்குள் குனிந்து தொட்டிக்குள் விரலை விட்டுக் கிளறி, மூக்குக்குக் கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள். "இது செடி வெச்ச மண்ணா, சேத்துல நாத்து உட்டிருக்கறியா? புளிச்ச நாத்தம் கொடலப் புடுங்குது. எதப் புள்ள வாத்த இதுக்கு?"

"அரிசி கழுவுன தண்ணிங் அத்தை. காலைலயும் பொழுதோடயும்."

"தெனமுமா? எந்தக் கிறுக்கி சொன்னா உனக்கு?"

விழுந்துவிட்டது வார்த்தை. ஒரு வருஷமாக வீட்டு வாசலிலேயே செருப்போடு நிறுத்தி வைத்திருந்த வார்த்தை, நடு ஹாலில் வந்து விழுந்துவிட்டது. "அம்மா" என்றான் நவநீதன் பல்லைக் கடித்துக்கொண்டு. பழனியம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது.

"நீங்கதானுங் அத்தை சொன்னீங்க" என்றாள் கோகிலவாணி. "சாக்கடைல ஊத்துனா லச்சுமி போயிருவான்னு."

"அது எருமைக்குப் புள்ள!" பழனியம்மாளுக்குத் தாங்கவில்லை, நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எருமைக்குக் காட்டச் சொன்னேன்! எருமை குடிச்சாப் பால் கறக்கும். இந்தச் சீப்பிலை குடிச்சுப்போட்டு உனக்குப் பாலா கறக்கும்? என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்குது, என்ன சிரிப்பு? வரும்போதே பாத்தேன், அடுப்பு மேடைல போசில வெச்சிருக்கற, அதையும் இதுக்குத்தான் வெச்சிருக்கறியா? கொண்டு போய்ச் சாக்கடைல ஊத்து. லச்சுமியெல்லாம் எங்கயும் போவ மாட்டா, இத்தனை கொசுவுக்கே போவாதவ. ஒரு வாரத்துக்கு ஒரு பொட்டுத் தண்ணி காட்டப்படாது, கேட்டுச்சா? மண்ணு மேல மணலப் போட்டு மூடோணும், முட்டை வெக்க எடங் கெடைக்காம ஓடிப்போயிரும். கீழ கட்டடம் கட்டறானுங்கல்ல, மேஸ்திரியக் கேட்டு அள்ளிட்டு வரலாம். ஒரு பை குடு. ஒரு பை இல்லாத ஊடா இது?" சுற்றும் முற்றும் பார்த்தாள். சோபா ஓரத்தில் பச்சைப் பை இருந்தது. எடுத்து, ஜிப்பைச் சர்ரென்று இழுத்து, தலைகீழாகப் பிடித்து உதறினாள். கவுனும் ஜட்டியும் ஒரு கரடி பொம்மையும் சோபாவில் கொட்டின.

"அம்மா, அது பாப்பா பை."

"தெரியுது போடா. புள்ள துணி வெக்க உன்ற ஊட்டுல ஒரு பீரோ இல்ல? பை நெறைய அள்ளிட்டு வா, சிமிட்டி கலந்தத அள்ளிட்டு வந்துறாத." பையை அவன் கையில் திணித்துவிட்டு, தொட்டிகளைப் பார்த்து மறுபடி தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸு எறங்குனவளுக்கு ஒரு வாய்த் தண்ணி இல்ல, காப்பி இல்ல, கொசுவத் திங்க வெக்கறா."

ஒண்ணுக்குப் போகிற அவசரம் ஆதிரைக்கு எப்போது தீர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை, நின்ற இடத்தில் சின்னதாக ஒரு குளம். நனைந்த கால்களோடு அவள் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கண் ஒரு கோணல் கோட்டைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. "வாணி, கொசு" என்றாள். ரெண்டு கையாலும் பட்டென்று தட்டினாள், விரித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. அது அவள் நெற்றிக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. கோகிலவாணி சோபாவில் கிடந்தவற்றில் உலர்ந்த ஜட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள், மகளுக்கு முன்னால் மண்டி போட்டாள். பாத்ரூமுக்குள் வசவு நிற்கவே இல்லை. கை தானாக எழும்பிற்று. எழும்பட்டும், தட்டட்டும் என்று விட்டாள்.